கிராஃப் இறங்கியது சரி, எதனால் இறங்கியது?

கோத்தகிரி டீச்சர்:
ஒரே பிள்ளையை வைத்து நடத்தைப் பதிவு எடுப்பவர்கள், செய்தது பலித்ததா என்று எப்படி முடிவு செய்தீர்கள்? என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

இருக்கையில் தங்காமல் எழுந்து ஓடும் பையன். ஐப்பசி மழையில் பேஸ்லைன் எடுத்தோம், அதாவது எதையும் மாற்றாமல் எத்தனை முறை எழுகிறான் என்று எண்ணினோம். அடுத்தடுத்து என்ன வேலை என்று படத்தில் காட்டும் பட அட்டவணை கொடுத்த மறுநாளே எண்ணிக்கை சரிந்தது. ஹெச்.எம்.முக்கு ஒரே சந்தோஷம், எனக்கு உறுத்தல். மழை விட்டு மைதானம் திறந்ததும் அதே வாரம்தான். ஓடியாடிவிட்டு வந்த பிள்ளை வகுப்பில் உட்காரத்தானே செய்யும்!

அடுத்த பையனுக்குக் கணக்கு, தமிழ், ஓவியம் மூன்று பீரியடிலும் பேஸ்லைனை ஓடவிட்டு, கணக்கில் மட்டும் அட்டவணை கொடுத்தேன். கணக்கில் சரிந்தது, தமிழ் அசையவில்லை. தமிழுக்குக் கொடுத்த பிறகே அங்கேயும் சரிந்தது. வெயில்தான் காரணம் என்றால் எல்லாம் சேர்ந்தல்லவா இறங்கியிருக்க வேண்டும்? நடத்தை ஆய்வாளர்கள் பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் 1968-லேயே எழுதிவைத்த மல்டிபிள் பேஸ்லைன் வழிதான் இது. ஓவியத்தில் மட்டும் தெளிவில்லை. அந்தப் பீரியடில் அவன் முதலிலிருந்தே அதிகம் எழுந்ததில்லை.

கூடலூர்க்காரன்:
அப்படியானால் ஓவியத்தை நான் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன் டீச்சர். கல்வி ஆய்வுகளின் தரத்தைப் பார்க்கும் அமெரிக்காவின் வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2010-ல் வெளியிட்ட தரவிதிகளின்படி, குறைந்தது 3 வெவ்வேறு சமயங்களில் விளைவு தெரிய வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு. அட்டவணை பலித்திருக்கும் என்று நானும் நம்புகிறேன், ஆனால் நம்புவது வேறு.

நான் ஏ-பி-ஏ-பி ஆள், அதாவது கொடுத்து, நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பவன். கத்தும் பிள்ளைக்கு, கத்தாமல் இருந்தால் பரிசுக்கு மாற்றிக்கொள்ளும் டோக்கன் கொடுத்தோம், கத்தல் குறைந்தது. நிறுத்தினோம், ஏறியது. திரும்பக் கொடுத்ததும் குறைந்தது. "நல்லா இருந்த பிள்ளையை ஏன் சார் கெடுக்கிறீங்க" என்று ஸ்டாஃப் ரூமில் திட்டு வாங்கியது தனிக்கதை. எல்லாவற்றுக்கும் இது ஆகாது. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பெண்ணின் அம்மா, நிறுத்திப் பார்க்கிற பேச்சே வேண்டாம் என்றார். அவர் சொன்னதுதான் சரி. கற்றுக்கொண்டதற்கும் இது பொருந்தாது, வாசிக்கக் கற்ற பிள்ளையிடம் வாசிப்பு அட்டையை வாங்கிக்கொண்டால் வாசிப்பு மறந்தா போகும்?

குன்னூர் தேயிலை:
ஆய்வு மாணவர் ஒருவர் "பிஎன்டி பூஜ்யம், பலன் இல்லை" என்று எழுதிக்கொண்டு வந்தார். கிராஃபிலோ இறக்கம் பளிச்சென்று தெரிகிறது. பிஎன்டி என்பது பேஸ்லைனோடு கலக்காத புள்ளிகளின் சதவீதம், 1987 முதல் புழங்கும் கணக்கு. குறைய வேண்டிய நடத்தை என்றால், பேஸ்லைனின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் கீழே, அதற்குப் பிந்தைய பதிவில் எத்தனை சதவீதப் புள்ளிகள் விழுந்தன என்று பார்ப்பது. பேஸ்லைனில் ஒரு நாள், கேட்டில் காட்டெருமை நின்று வேன் தாமதமாகி, வகுப்பு நடந்ததே கொஞ்ச நேரம். பதிவில் 0. பூஜ்யத்துக்குக் கீழே எந்தப் புள்ளி போகும்?

அந்தப் புள்ளியை அழிக்கச் சொல்லவில்லை, காரணத்தைப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். மட்டம், போக்கு, சிதறல், மாற்றம் எவ்வளவு சீக்கிரம் வந்தது எல்லாவற்றையும் பார்க்காமல் ஒரே எண்ணை நம்பினால் இப்படித்தான்.

கோத்தகிரி டீச்சர்:
சரி சார், ஓவியத்தை விட்டுவிடுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் ஓயாமல் எழுகிறான். அந்தப் பதிவு முதலிலிருந்தே இருக்கிறது, அங்கே இன்னும் அட்டவணை கொடுக்கவில்லை. திங்கள் முதல் கொடுத்துப் பார்க்கிறேன். ஆயா அக்காவையும் தனியாக எண்ணச் சொல்லியிருக்கிறேன். இருவர் எண்ணிக்கையும் 80 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டுமே.