ஆபீஸ் நெட்டைப் பூட்டியதும் இருபதாம் தேதி ஜெராக்ஸ் கடையும்

வவுச்சர்:
கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பெயர் வேண்டாம். போன மாதம் முதலாளி புதிதாக ஒரு ஃபயர்வால் வாங்கி வைத்து, பத்துத் தளங்கள் தவிர மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். டிஸ்பாட்ச்சில் ஒரு பையன் வேலை நேரத்தில் மேட்ச் பார்த்து மாட்டிக்கொண்டான், அதுதான் காரணம். அவன் ஒருவனுக்காக நாற்பது பேருக்குப் பூட்டு.

ஜிஎஸ்டி தளமும் பேங்க் தளமும் பட்டியலில் இருக்கின்றன. 20-ஆம் தேதி மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான 3பி தாக்கல் செய்ய உட்கார்ந்தேன். எல்லாம் தயார். பணம் கட்டும் இடத்தில் பேங்க் பக்கம் வேறொரு முகவரிக்குத் தாவியது. அது பட்டியலில் இல்லை. திரை வெள்ளையாக நின்றுவிட்டது. சிஸ்டம் பார்க்கிறவர் லீவு, முதலாளி திருப்பூரில், போன் எடுக்கவில்லை. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய்தான், ஆனால் 18 சதவீத வட்டி இருக்கிறதே. அதைவிட மறுநாள் வாங்கும் திட்டு. ஐந்தரை மணிக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய், கம்பெனியின் பேங்க் ஐடி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அந்தக் கடை கம்ப்யூட்டரில் தட்டி வேலையை முடித்தேன். இதுதான் பாதுகாப்பா?

பூட்டுச்சாவி:
வவுச்சர் சார், பூட்டியது தப்பில்லை, பூட்டத் தெரியாமல் பூட்டியதுதான் தப்பு. ஒரு தளத்தைத் திறந்துவிட்டால் அது உள்ளே எந்தெந்த முகவரியைக் கூப்பிடுகிறது என்று ஒரு வாரம் லாக், அதாவது இணையப் போக்குவரத்துப் பதிவு, பார்த்து அதையும் திறந்துவிட வேண்டும். பதினான்கு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், பாதிப் பேர் செய்வதில்லை.

ஆனால் பூட்டே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சிங்கப்பூரைப் பாருங்கள். 2017 மே முதல் அரசு ஊழியர்களின் சுமார் ஒரு லட்சம் வேலைக் கணினிகளில் இணையம் இருக்காது என்று 2016 ஜூனில் அறிவித்தார்கள். இணையம் வேண்டுமென்றால் தனிக் கணினியில், இல்லையென்றால் சொந்த போனில். கற்காலத்துக்குப் போகிறார்கள் என்று ஊரே சிரித்தது. பொது மருத்துவமனைகளில் மட்டும் இந்தத் துண்டிப்பைச் செய்யவில்லை. 2018-இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்துக்குள் புகுந்து 15 லட்சம் பேரின் விவரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் 1.6 லட்சம் பேரின் மருந்து விவரமும் போனது, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்குடையதும் சேர்த்து. அங்கேயும் துண்டித்திருக்க வேண்டும் என்று அப்போதைய துணைப் பிரதமர் டியோ சீ ஹியனே அப்புறம் ஒப்புக்கொண்டார். இதற்கு என்ன பதில்?

தாதி_ஈசூன்:
அந்த நாட்களில் இங்கே சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையில் வார்டில் இருந்தவள் நான், அதனால் பதில் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

சம்பவம் வெளியே தெரிந்ததும் சிங்ஹெல்த்தின் 28,000 ஊழியர்களின் கணினிகளிலும் இணையத்தைத் துண்டித்தார்கள், பின்னாலேயே எங்களுக்கும். நோயாளிகளின் காத்திருப்பு கூடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வார்டில் எப்படி இருந்தது தெரியுமா? இரண்டு மருந்தை ஒரே டிரிப்பில் கலக்கலாமா என்று பார்க்க இணையம் உள்ள ஒரே ஒரு கணினி. அதன் முன்னால் டாக்டர், மருந்தாளர், நான் என்று வரிசை. பார்த்ததைக் கையுறைப் பெட்டியின் அட்டையில் கிறுக்கிக்கொண்டு வந்து, இந்தப் பக்கக் கணினியில் தட்டுவேன். மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று என் கையெழுத்தை நானே உற்றுப் பார்த்த ராத்திரி உண்டு.

இன்னொன்றையும் நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், பூட்டுச்சாவி. விசாரணைக் குழு 2019 ஜனவரியில் அறிக்கை கொடுத்ததே. ஒரு சர்வரின் நிர்வாகிக் கணக்குக்கு என்ன பாஸ்வேர்டு? பாஸ்வேர்டு என்ற சொல்லேதான், இரண்டு எழுத்தை மட்டும் குறியாக மாற்றி! சந்தேகம் வந்த ஊழியர்கள் நேரத்தோடு மேலே சொல்லவில்லை. சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினிகளைப் பார்த்துக்கொண்ட நிறுவனத்துக்கும் சேர்த்துப் பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம். இணையத்தைத் துண்டித்திருந்தால் திருடன் வருவது கஷ்டமாகியிருக்கும், சரி. வீட்டுக்குள் பீரோ திறந்து கிடந்ததே, அது யார் பொறுப்பு?

பூட்டுச்சாவி:
பாஸ்வேர்டு விஷயம் உண்மைதான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் நாற்பது பேரில் ஒருவராவது ஒருநாள் தப்பான இணைப்பை அழுத்தத்தான் போகிறார். அழுத்தினாலும் ஒன்றும் ஆகாதபடி வைப்பதுதான் என் வேலை.

பம்பு_முதலாளி:
நான் வவுச்சரின் முதலாளி இல்லைங்க, பயப்பட வேண்டாம். நானும் முதலாளிதான். ஹேக்கர் எல்லாம் இரண்டாம் பட்சம். மேட்ச் நாளில் டிஸ்பாட்ச் இரண்டு மணி நேரம் லேட்டானால் லாரிக்காரனுக்குக் காத்திருப்புக் கூலி யார் கொடுப்பது? சம்பளம் கொடுக்கும் நேரத்துக்கு வேலையைக் கேட்பது குற்றமா? அரசு ஊழியர்கள் ஆபீஸ் நேரத்தில் சொந்த உபயோகத்துக்கு செல்போன் பார்ப்பதைத் தடுக்க விதிமுறை கொண்டு வாருங்கள் என்று மதுரை அமர்வே 2022 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. கோர்ட்டே சொல்லும்போது எனக்கென்ன?

என் ஆபீஸில் பூட்டும் உண்டு, ரிப்போர்ட்டும் உண்டு. யார் எந்தத் தளத்தில் எத்தனை நிமிடம் என்று காலையில் காபியோடு எனக்கு வந்துவிடும்.

வவுச்சர்:
ஆக, ஹேக்கர் பெயரைச் சொல்லிப் பூட்டை வாங்கி, மேட்ச் பார்ப்பவனைப் பிடிக்க மாட்டுகிறீர்கள். எங்கள் முதலாளியும் இதையேதான் செய்தார். அந்தப் பையன் இப்போது போனில் பார்க்கிறான் சார், சொந்த டேட்டாவில். அதை உங்கள் ஃபயர்வால் என்ன செய்யும்? பர்ச்சேஸில் ஒருவர் சப்ளையர் அனுப்பும் டிராயிங்கைத் தன் போனுக்கு வாட்ஸ்ஆப்பில் வாங்கி, அங்கிருந்தே ஃபிட்டருக்கு அனுப்புகிறார். கம்பெனி டிராயிங் எல்லாம் அவர் கேலரியில் பேத்தி பிறந்தநாள் படங்களோடு கிடக்கிறது.

ஓரமாய்_நிற்பவன்:
ரிப்போர்ட்டைக் காபியோடு படிக்கிற முதலாளிக்கு ஒரு ருமேனியக் கதை. பர்புலெஸ்கு என்று ஒரு விற்பனைப் பொறியாளர். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல யாஹூ மெசஞ்சர் கணக்குத் தொடங்கச் சொன்னதே கம்பெனிதான். சொந்த உபயோகத்துக்கு அங்கே தடை. அவர் பேசுவதைக் கண்காணித்து, அண்ணன் தம்பியோடும் கட்டிக்கப் போகிற பெண்ணோடும் பேசியது உட்பட 45 பக்கம் அச்செடுத்து முன்னால் வைத்து, 2007-இல் வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016-இல் கம்பெனி பக்கம் நின்றது. 2017 செப்டம்பரில் பெரிய அமர்வு 11-க்கு 6 என்று அதை மாற்றிவிட்டது. எந்த அளவுக்குப் பார்ப்போம், உள்ளடக்கத்தையும் படிப்போமா என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை என்பது முக்கியக் காரணம். கண்காணிக்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை.

நம் ஊரில் முதலாளிக்கு இதைவிட வசதி. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வேலை தொடர்பான காரணங்களுக்கு ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே அவர் விவரத்தைக் கையாள இடம் விட்டிருக்கிறார்கள்.

பம்பு_முதலாளி:
நான் மெசேஜ் எல்லாம் படிக்கவில்லைங்க. தளத்தின் பெயரும் நிமிடமும் மட்டும்தான்.

தாதி_ஈசூன்:
கருத்தரிப்பு மருத்துவமனைத் தளத்தில் ஒரு பெண் இருபது நிமிடம் இருந்தாள் என்றால் மெசேஜைப் படிக்கவும் வேண்டுமா அண்ணே? அந்த ரிப்போர்ட் உங்களுக்கு வருகிறது என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா?

பம்பு_முதலாளி:
சொன்னதில்லை. சொன்னால் உஷாராகிவிடுவார்களே.

பூட்டுச்சாவி:
இந்த இடத்தில் நான் முதலாளி பக்கம் இல்லை. வைரஸ் வந்த அன்றைக்குத் தோண்டிப் பார்க்கத்தான் லாக். தினமும் யார் எங்கே போனார் என்று பார்ப்பது சிஸ்டம் வேலை இல்லை, வேறு வேலை. என்னிடம் அந்த ரிப்போர்ட் கேட்ட இரண்டு கம்பெனிகளில், ஊழியர்களுக்கு எழுத்தில் தெரிவித்தால் தருகிறேன் என்றேன். ஒன்று தெரிவித்தது. இன்னொன்று என்னை மாற்றிவிட்டது.

வவுச்சர் சார், பேங்க் வேலைக்கு என்று ஒரு கணினியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அதில் பேங்க், ஜிஎஸ்டி, அவை கூப்பிடும் முகவரிகள் மட்டும். மற்ற கணினிகளில் இவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. பழைய கணினி ஒன்றைச் சுத்தமாகத் துடைத்துப் போட்டாலே போதும், செலவில்லை. மேட்ச் பிரச்சினையை சூப்பர்வைசர் பார்த்துக்கொள்ளட்டும்.

பம்பு_முதலாளி:
சூப்பர்வைசரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறான், அதுதானே என் பிரச்சினையே.

தாதி_ஈசூன்:
வவுச்சர், எல்லாரும் ஊர் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜெராக்ஸ் கடையில் தட்டிய அந்த பேங்க் பாஸ்வேர்டை மாற்றினீர்களா இல்லையா?

வவுச்சர்:
மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தேன் அக்கா. பாஸ்வேர்டு மாற்றும் பக்கமும் அதே வெள்ளைத் திரைதான்.