மறு: ‘வுமனிஸ்ட்’ – திங்களுக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

த. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை வகுப்புக்காகக் கறுப்பினப் பெண்களின் விடுதலை எழுத்து பற்றி ஒரு கைப்பிரதி தயாரிக்கிறேன். திங்கள் காலை நகல் கடைக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியர்களான கம்பாஹி ஆற்றுக் குழுவின் 1977 அறிக்கை, எழுத்தாளர்கள் பெல் ஹூக்ஸ், ஆட்ரி லார்ட் எல்லாம் முடித்து நாவலாசிரியர் ஆலிஸ் வாக்கரிடம் மாட்டிக்கொண்டேன். 1983இல் வந்த கட்டுரைத் தொகுப்பின் முன்பக்கத்தில் ‘வுமனிஸ்ட்’ என்ற சொல்லுக்கு அகராதி போலவே பொருள் எழுதியிருக்கிறார். கறுப்பினப் பெண்ணியவாதி என்பது அதில் ஒரு பகுதிதான். வேர், கறுப்பினத் தாய்மாரின் பேச்சில் இருக்கிறது. வயதுக்கு மீறித் துணிச்சல் காட்டுகிற, தெரிய வேண்டியதற்கு மேல் தெரிந்துகொள்ளத் துடிக்கிற மகளை ‘வுமனிஷ்’ என்பார்களாம். ‘பெண்ணியவாதி’ என்று போட்டால் இத்தனையும் போய்விடுகிறது. உதவுங்கள்.

ந. எழுதியது:
மகளிரியம். மகளிரியர். இதற்கு ஏன் இவ்வளவு தவிப்பு?

த. எழுதியது:
ஐயா, மகளிர் என்றதும் என் மாணவிகளுக்குச் சுய உதவிக் குழுவும் காவல் நிலையமும்தான் நினைவுக்கு வரும். ‘பெண்மையியம்’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அது இன்னும் மோசம். பெண்மை வந்தால் அச்சமும் மடமும் நாணமும் பின்னாலேயே வந்துவிடும். வாக்கர் சொல்வதற்கு நேர் எதிர்.

ப. எழுதியது:
பெண்ணின் ஏழு பருவப் பெயர்களிலிருந்து எடுக்கலாமே. அரிவையியம்?

ச. எழுதியது:
பாட்டியல் இலக்கண நூல்களின் கணக்கில் அரிவைக்கு 20 முதல் 25 வயது. பேரிளம்பெண்ணும் 40இல் முடிந்துவிடுகிறாள். அதற்கு மேல் ஒருத்தி கொள்கை பேச முடியாதா?

இதை விடுங்கள். எங்கள் வீட்டில் நான் வாயடித்தால் அம்மா சொல்வது: “பெரியமனுஷி மாதிரி பேசாதடி.” வாக்கர் காட்டும் சொல்லும் அப்படியே இதுதான். தாய், மகள், அதட்டல், அதற்குள் கொஞ்சம் பெருமை. பெரியமனுஷியம் என்று வைத்தால் என்ன?

ந. எழுதியது:
மனுஷி வடசொல். தவிரவும் ‘பெரியமனுஷி ஆகிவிட்டாள்’ என்றால் ஊரில் என்ன பொருள் என்று அம்மையாருக்குத் தெரியாததல்ல. வகுப்பில் சிரிப்பார்கள்.

ச. எழுதியது:
சிரிக்கட்டுமே. பந்தல் போட்டு ஊரைக் கூட்டிச் சொல்கிற செய்திதானே அது.

ப. எழுதியது:
நண்பர்களே, சிலம்பை மறந்துவிட்டோம்! கொலைக்களக் காதையில் கண்ணகியைப் பற்றிக் கோவலன்: “சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்”. வயதில் சிறியவள், அறிவில் முதியவள். முதுக்குறைவு என்றால் பேரறிவு. ‘வுமனிஷ்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ஆகவே முதுக்குறைவியம். இந்தக் ‘குறை’ குறைபாடு அல்ல, ‘குறி’யோடு உறவுடையது என்பது என் நெடுநாள் ஐயம். குறி, குறிப்பு, குறிக்கோள், குறவர் சொல்லும் குறி என்று விரித்து எழுதிய ஒன்பது பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

த. எழுதியது:
ஐயா, அருமையான சொல். ஆனால் ஒன்பது பக்கம் படிக்காத மாணவி இதை ‘முதுமையில் குறைபாடு’ என்றுதான் படிப்பாள்.

ச. எழுதியது:
எனக்கு வேறு தடை. வாக்கரின் சொல் தாய் மகளிடம் சொன்னது. ப. ஐயா தருவது, அவளை விட்டுப்போய்த் திரும்பி வந்த கணவன் மனம் நொந்து சொன்னது. சொல்லின் பொருள் ஒன்றாக இருக்கலாம், வாய் வேறு. இந்த எழுத்தில் யார் வாயிலிருந்து சொல் வருகிறது என்பதுதானே விஷயம்?

ப. எழுதியது:
அவன் சொன்ன அன்று அவள் அடக்கமாகத்தான் இருந்தாள், சரி. அரசவையில் சிலம்பை உடைத்தது யார்? வயதுக்கு மீறிய துணிச்சல் அதுதான் அம்மா.

க. எழுதியது:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதல் மடலில் ‘கறுப்பினம்’ என்று வல்லின றகரம் போட்டது சரி, தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். “கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள” என்பது தொல்காப்பியம். கறுத்தல் என்றால் சினத்தல். நிறத்தைக் குறிக்கவும் உரியவை என்பது அடுத்த நூற்பா. ஆட்ரி லார்ட் 1981இல் கோபத்தின் பயன்கள் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். நமக்கு அந்தக் கோபம் எழுத்திலேயே இருக்கிறது.

த. எழுதியது:
க., இது நிச்சயம் கைப்பிரதியில் போகும். நன்றி. தலைப்புக்கு வருவோமா?

இன்னொரு சிக்கல். நைஜீரிய இலக்கிய விமர்சகர் சிக்வென்யே ஒகொன்ஜோ ஒகுன்யெமி 1985இல் வந்த கட்டுரையில் இதே சொல்லை வாக்கரைச் சாராமல் தாமாகவே வந்தடைந்ததாகச் சொல்கிறார். அவருடையதற்கும் ‘பெரியமனுஷியம்’ என்று போட முடியுமா? வாக்கர் பிறந்த அமெரிக்க ஜார்ஜியாவின் தாய் அதட்டிய கதை அங்கே இல்லையே.

க. எழுதியது:
அப்படியானால் வுமனிசம் என்றே எழுதி, வாக்கர் வரும் இடத்தில் மட்டும் பெரியமனுஷியை விளக்கமாகக் கொடுங்கள். மார்க்சியத்தை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

ந. எழுதியது:
மார்க்ஸ் ஆள் பெயர். ‘வுமன்’ ஆள் பெயரா? வகரத்தோடு உகரம் மொழிக்கு முதலில் வராது என்பதாவது நினைவிருக்கட்டும். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

ப. எழுதியது:
முடிவாக ஊதா. ‘ஃபெமினிஸ்ட்’ வெளிர் ஊதா என்றால் ‘வுமனிஸ்ட்’ அடர் ஊதா என்று வாக்கர் முடிக்கிறாரே, அதை எப்படிப் பெயர்த்தீர்கள்?

த. எழுதியது:
கத்தரிப்பூவும் கத்தரிக்காயும் என்று போட்டிருக்கிறேன். ஒரே செடியில் பூவை விடக் காய் அடர்ந்த நிறம்.

ஞாயிறு இரவு பதினொன்றாகிறது. க. சொன்னபடி வுமனிசம், அடைப்புக்குள் பெரியமனுஷி. ஐந்து பேர் சரி என்றார்கள், அதில் மூவர் தூக்கக் கலக்கத்தில். முதுக்குறைவி அடிக்குறிப்பாகப் போகிறாள்.

ப. எழுதியது:
அடிக்குறிப்பிலா! மீண்டும் சிறுமை.

ச. எழுதியது:
பெரியமனுஷியை அடைப்புக்குள் போட்டதற்கு என் எதிர்ப்பையும் பதிவு செய்யுங்கள், த. அடைப்பை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.