மறுமொழி: காலநிலை ‘ப்ராக்ஸி’க்குத் தமிழ் என்ன? (கொஞ்சம் அவசரம்)

செ. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். மேல்நிலை வகுப்புக்கு ஒரு புவியியல் பாடம் மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வெப்பமானியும் மழைமானியும் வருவதற்கு முன்னால் காலநிலை எப்படி ஏறி இறங்கியது என்பதை மரவளையம், பனிக்கட்டி, பவளம், குகைப் படிவு, ஏரிச்சேறு இவற்றிலிருந்து கண்டுபிடிப்பது பற்றிய பாடம். மீட்டுருவாக்கம், காலநிலை மாறுபாடு என்று மற்றதெல்லாம் ஒருவாறு ஓடிவிட்டது, ப்ராக்ஸியில் (proxy, அன்றைய வெப்பத்தையோ மழையையோ நேரடியாக அளக்க முடியாததால் அதற்குப் பதிலாக அளக்கிற ஒன்று) மாட்டிக்கொண்டேன். பதிலி, பதிலாள், பகரம் என்று கையில் இருக்கிறது, எதுவும் ஒட்டவில்லை. பக்கத்துக்குப் பத்து தடவை வருகிற சொல், நீளமாக இருந்தால் தாங்காது.

வ. எழுதியது:
பதிலி. கணினித்துறையில் ஏற்கெனவே புழங்குகிறது. முடிந்தது.

இ. எழுதியது:
முடியவில்லை ஐயா. நான் வகுப்பில் நிற்பவள். பதிலி என்றதும் பிள்ளைகள் வருகைப்பதிவில் இன்னொருத்தனுக்காக ‘உள்ளேன்’ சொல்கிறவனைத்தான் நினைப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, பதிலி என்றால் ஒன்றுக்கு ஒன்று என்று ஆகிவிடுகிறதே. மலையில் மரம் வளரும் கடைசி உயரத்தில் கோடை வெப்பம்தான் பெரும்பாலும் வளையத்தின் அகலத்தைத் தீர்மானிக்கும், வறண்ட நிலத்தில் மழை. அதே வளையம் ஓரிடத்தில் வெப்பமானி, இன்னோரிடத்தில் மழைமானி. கடலடிச் சேற்றில் கிடைக்கும் ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிர்களின் ஓடுகளில் ஆக்சிசன்-18 என்கிற கனமான ஆக்சிசனை அளக்கிறார்கள், அந்த அளவுக்குள் கடல்நீரின் வெப்பமும் அன்றைக்கு நிலத்தில் எவ்வளவு பனி குவிந்து கிடந்தது என்பதும் சேர்ந்தே இருக்கின்றன. இப்போது அந்த ஓடு எதற்குப் பதில்?

அ. எழுதியது:
பகரி என்று வைக்கலாம். பகர்தல் சொல்லுதல், விற்றலும் பகர்தலே. சிலப்பதிகாரத்துப் பகர்வனர் விற்பவர்கள். விற்பது என்பது ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுவது, ஆகவேதான் ‘அதற்குப் பகரமாக’ என்கிறோம். ஆக, ஒன்றுக்கு ஈடாக நின்று ஒன்றைச் சொல்வது பகரி, இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அமைகிறது. இன்னும் தோண்டினால் பகு என்னும் அடி கிடைக்கும்: பகுதி, பங்கு, பகல், பால், பாதி. இரவையும் பொழுதையும் பகுப்பதால் பகல். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், பால் என்னும் இலக்கணக் குறியீடு எப்படி வந்தது என்பது வரைக்கும் போகிறது.

வ. எழுதியது:
தனியாகவே எழுதுங்கள் ஐயா. என் பேரப்பிள்ளைக்குப் பகரம் என்றால் ப என்கிற எழுத்து.

ந. எழுதியது:
எல்லாரும் புதிதாக ஆக்கப் பார்க்கிறீர்கள், சொல் ஏற்கெனவே இருக்கிறது. மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையைப் பாருங்கள். கருதல் அளவை, அதாவது அனுமானம், மூன்று வகை: பொது, எச்சம், முதல். கருக்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது முதல். ஆற்று வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்று தெளிவது எச்சம். விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது. கிரீன்லாந்துப் பனியிலும் அண்டார்க்டிகாப் பனியிலும் எரிமலைப் புகையிலிருந்து படிந்த ஒரே காலத்துச் சல்பேட்டைப் பார்த்து 1815 தம்போரா எரிமலை வெடிப்பைக் கண்டுகொள்கிறார்களே, அது வேறென்ன? குறளிலும் ‘எச்சத்தாற் காணப்படும்’ என்றுதான் இருக்கிறது. பரிமேலழகர் அங்கே மக்கள் என்று கொள்வார், இருக்கட்டும், விட்டுச்சென்றதை வைத்து ஆளை அறிவது என்கிற கருத்து அதுதான். காலநிலை எச்சம். இதைவிட என்ன வேண்டும்?

இ. எழுதியது:
படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன் ஐயா, உண்மையாகவே. ஆனால் வகுப்பில் எடுபடாது. புதைபடிவத்துக்குத் தொல்லுயிர் எச்சம் என்று பல புத்தகங்களில் இருக்கிறது, இரண்டும் குழம்பும். பெயரெச்சம், வினையெச்சம் வேறு. அதையும் தாண்டினால் பறவை எச்சம். நான் ‘எச்சத்தை ஆராய்ந்து’ என்று வாயைத் திறந்தால் போதும், அன்றைக்கு வகுப்பு நடக்காது.

ந. எழுதியது:
குகையில் அடுக்கடுக்காகச் சேர்ந்த வௌவால் எச்சத்தைக் குடைந்தெடுத்துப் பழைய காலநிலையை ஆராய்கிறார்கள் அம்மா. சிரிக்கட்டும், சரியாகத்தான் சிரிக்கிறார்கள்.

வ. எழுதியது:
ப்ராக்ஸி என்றே விட்டால் என்ன குடி முழுகிவிடும்? ஆக்சிசனை உயிர்வளி என்று மாற்றிப் பார்த்தோம், எத்தனை பேர் சொல்கிறார்கள்? பாடம் புரிய வேண்டும், நம் ஆசை நிறைவேறுவது அப்புறம்.

அ. எழுதியது:
இப்படி விட்டு விட்டுத்தான் வினைச்சொல் மட்டும் தமிழில் மிச்சம் இருக்கிறது. தட்பவெப்பநிலையைக் கைவிட்டுக் காலநிலைக்கு மாறினீர்கள், இப்போது ‘பழங்காலக் காலநிலை’ என்று நாக்கு சுளுக்குகிறது. தொல்தட்பவெப்பம் என்றால் குறைந்தது காலம் இரண்டு தடவை வராது.

வ. எழுதியது:
அதைச் சொல்லிக் காட்டுங்கள் ஐயா, ஒரே மூச்சில்.

செ. எழுதியது:
பெரியவர்களே, ஒரு சிறு விண்ணப்பம். மூலத்தில் இரண்டு சொல் தனித்தனியாக வருகிறது, நாம் கலக்கிறோம். மரம், பனித்தண்டு (பனிப்படலத்தைத் துளைத்தெடுத்த நீளமான உருளை), பவளம் இவை பதிவைத் தாங்கி நிற்கும் பொருள்கள். வளைய அகலம், ஆக்சிசன்-18 விகிதம், பவளத்தில் இசுட்ரான்சியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் இவைதான் ப்ராக்ஸி. முதலாவதுக்குப் பதிவகம் என்று போட்டிருக்கிறேன். அண்டார்க்டிகாவின் டோம் சி என்னுமிடத்தில் எடுத்த பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுகளுக்குப் பதிவகம், அதில் அளக்கிற ஒவ்வொன்றும் தனித்தனி ப்ராக்ஸி. எனவே எச்சம் என்றால் பனித்தண்டு முழுவதையும் குறித்துவிடாதா?

க. எழுதியது:
நான் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பதிவகம் நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். ப்ராக்ஸிக்குப் ‘பதிலிச்சான்று’ போட்டால் இ. அம்மா சொன்ன வருகைப்பதிவுச் சிக்கல் போகும், வ. ஐயாவின் பதிலியும் இருக்கும். அழகில்லை, தெரியும். முதல் பக்கத்தில் ‘நேரடி அளவீட்டுக்குப் பதிலாக நிற்கும் சான்று’ என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் அப்புறம் எவ்வளவு தடவை வந்தாலும் பிள்ளைகள் தாண்டிப் போவார்கள். எனக்கு உடன்பாடு, வேறு யாருக்கு?

இ. எழுதியது:
சரி என்றே சொல்கிறேன். பரீட்சைத் தாளில் எழுத முடிகிற சொல்.

வ. எழுதியது:
பாதி என் சொல்தானே. சரி.

அ. எழுதியது:
வலி மிகுந்து பதிலிச்சான்று என்று எழுதியதற்கு மட்டும் என் ஆதரவு.

ந. எழுதியது:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எச்சம் போனதற்காகச் சொல்லவில்லை. சான்று என்றால் வாதம் முடிந்தது என்று பொருள். இது அப்படி இல்லை, வெப்பமானி இருந்த காலத்தோடு ஒப்பிட்டு அளவு திருத்தினால்தான் வளையத்துக்கு வாய் வரும், அப்போதும் எல்லா இடத்திலும் வராது. வடக்கே உயர் அகலாங்குகளில் பல மரங்கள் 1960-க்குப் பிறகு வெப்பம் ஏறிய அளவுக்கு வளையத்தில் காட்டவில்லை, அதற்கு ஏன் என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஏது (ஒன்றைக் கருதி அறிவதற்குக் காட்டும் காரணம்) என்றாவது போட்டிருக்கலாம். மரவளையத்தில் இந்தத் துறையைத் தொடங்கிவைத்த டக்ளஸ் வானியலாளர், சூரியக் கரும்புள்ளிச் சுழற்சியைத் தேடி மரத்தை அறுத்தவர், அவருக்குக் கடைசியில் உருப்படியாகக் கிடைத்தது மரத்தின் காலக்கணக்கு. வளையம் நாம் கேட்டதை மட்டும் சொல்லாது என்பதற்காகச் சொல்கிறேன்.

செ. எழுதியது:
பதிலிச்சான்று என்று போட்டு அனுப்பிவிட்டேன். ந. ஐயா சொன்ன 1960 விவகாரம் பாடத்திலேயே ஐந்தாம் பக்கத்தில் வருகிறது, அங்கே ‘ஏதுவாகக் கொள்ளும்போது கவனம் தேவை’ என்று ஒரு வாக்கியத்தில் ஏதுவை நுழைத்திருக்கிறேன், பதிப்பாசிரியர் கண்ணில் படாமல் இருந்தால் நிற்கும்.

அ. எழுதியது:
பகு பற்றிய மடல் நாளை வரும்.