ஃப்ரன்ட் லோட் மெஷினில் துவைத்த துணியே நாறுகிறது, டிரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

ஈரத்துணி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது 7 கிலோ ஃப்ரன்ட் லோட் மெஷின். கொஞ்ச காலமாகக் கதவைத் திறந்தாலே ஒரு வாடை. சாக்கடை நாற்றம் என்று சொல்ல முடியாது, ஈரத்துண்டைப் பைக்குள் சுருட்டி வைத்து மறந்துபோனால் வருமே, அந்த மாதிரி. வெளியே எடுக்கும்போது துணியில் சோப்பு வாசம்தான் வருகிறது, காய்ந்து மடித்து வைக்கும்போதும் ஒன்றும் தெரியாது, ஆனால் போட்டுக்கொண்டு லேசாக வேர்த்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு முடை நாற்றம் கிளம்புகிறது. துண்டுகள் இன்னும் மோசம், தண்ணீரையே உறிஞ்சுவதில்லை.

எப்படியும் கேட்பீர்கள், அதனால் விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். லிக்விட் டிடர்ஜென்ட், மூடி நிறைய ஊற்றுவோம், வாசனைக்காகக் கூடவே சாஃப்ட்னர். பெரும்பாலும் 30 நிமிட ஓட்டம், பச்சைத் தண்ணீர். கதவு ரப்பரின் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, துடைத்தால் போகவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் டிரம்மைக் கழற்றிச் சர்வீஸ் செய்ய வேண்டும் என்கிறார். இணையத்தில் பாதிப் பேர் வினிகர் ஊற்று என்கிறார்கள், பாதிப் பேர் பிளீச் ஊற்று என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஊற்றலாமா? கழற்றாமலே சரிசெய்ய வழி உண்டா?

சாம்பல்பூனை:

சேர்க்கவே சேர்க்காதீர்கள்! குளோரின் பிளீச்சோடு வினிகர், சிட்ரிக் அமிலம் என எந்த அமிலம் கலந்தாலும் குளோரின் வாயு வரும். மூடிய டிரம்முக்குள் அது சேர்ந்தால் கதவைத் திறக்கிறவர் கதி என்ன ஆகும்? மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

திருகாணி:

சர்வீஸ் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், டிரம்மைக் கழற்றுவது கடைசி வழி. சில மாடல்களில் வெளித்தொட்டி ஒரே துண்டாக ஒட்டி வரும், அதை அறுத்துத்தான் திறக்க வேண்டும், திரும்ப ஒட்டியது கசியாது என்று யாரும் உறுதி கொடுக்க மாட்டார்கள். எனவே அவசரப்படாதீர்கள்.

நீங்கள் சொன்ன விவரத்திலேயே பதில் இருக்கிறது. பச்சைத் தண்ணீர், குறுகிய ஓட்டம், மூடி நிறைய சோப்பு, சாஃப்ட்னர், இந்த நான்கும் ஒன்றுசேர்ந்தால் எந்தக் கம்பெனி மெஷினும் நாறும். நம் கண்ணுக்குத் தெரிகிற ஸ்டீல் டிரம்முக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது, தண்ணீர் நிற்பது அதில்தான். டிரம்மின் முதுகில் அதைத் தாங்கும் மூன்று கை உலோகத் தாங்கி, பெரும்பாலும் அலுமினியக் கலவையில் செய்தது. உடம்பு எண்ணெய், அலசிப் போகாத சோப்பு, சாஃப்ட்னரின் கொழுப்புப் பொருள் எல்லாம் அந்தத் தாங்கியிலும் தொட்டியின் சுவரிலும் சாம்பல் நிறக் களிம்பாக ஏறும், பச்சைத் தண்ணீரில் அது கரைவதே இல்லை. கிருமிகள் குடியிருப்பது அதில்தான். நாளாக நாளாகத் தாங்கியே அரித்து உடைந்து, சுழலும்போது டிரம் தடதடக்கும் நிலைக்கு வந்த மெஷின்களும் உண்டு.

நான் சொல்வது சரிதானா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். துவைத்துக் காயவைத்த துண்டுகளைச் சோப்பே போடாமல் 40 டிகிரியில் ஓடவிட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நுரை கட்டினால் அது போன தடவைகளில் துண்டிலும் தொட்டியிலும் தங்கிய சோப்பு. நுரை அதிகமானால் அழுக்கு நன்றாகப் போகும் என்று நினைப்பவர்கள் நிறைய, ஃப்ரன்ட் லோடில் நேர்மாறு. துணி மேலே போய்த் தண்ணீரில் வந்து அடித்து விழுந்தால்தான் அழுக்கு விடும், நுரை மெத்தை போலத் தாங்கிக்கொண்டால் எங்கே அடிப்பது?

சுத்தம் செய்யும்போது மூன்று இடத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒன்று, கதவு ரப்பரின் கீழ் மடிப்பு. விரித்துப் பார்த்தால் அடியில் சிறு துளைகள் இருக்கும், நூலும் முடியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே தேங்கிவிடும். இரண்டாவது சோப்பு டிராயர். முழுவதுமாக வெளியே வரும், சாஃப்ட்னர் அறையில் சொருகியிருக்கும் மூடியையும் பிடுங்கிக் கழுவுங்கள், டிராயர் உட்காரும் பொந்தின் மேற்கூரையைப் பழைய பல்தேய்க்கும் பிரஷால் தேயுங்கள், அங்கேதான் பூஞ்சை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது, முன்பக்கம் கீழே சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பம்ப் ஃபில்டர். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் ஆறிய பிறகு, அகலமான தட்டு வைத்து, பக்கத்தில் சிறு குழாய் இருந்தால் முதலில் அதன் வழியாக வடித்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள். முதல் தடவை திறப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வது நல்லது.

இவ்வளவும் முடிந்த பிறகு டிரம்மில் ஒன்றும் போடாமல் இருப்பதிலேயே அதிகச் சூட்டில், 90 டிகிரி இருந்தால் அதில், ஒரு ஓட்டம். டப் கிளீன் என்று பட்டன் இருந்தால் அது தண்ணீரைச் சுட வைக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள், சில மாடலில் வெறும் பச்சைத் தண்ணீரைச் சுழற்றுவதோடு சரி.

சோடாஉப்பு:

திருகாணி சொன்னது எல்லாம் சரி, காலி டிரம்மில் என்ன போடுவது என்பதை மட்டும் விட்டுவிட்டார். சோடியம் பெர்கார்பனேட் போடுங்கள், ஆக்ஸிஜன் பிளீச் என்று விற்பது. வெந்நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும், கூடவே காரத்தன்மை இருப்பதால் கொழுப்புக் களிம்பையும் இளக்கும். வினிகர் இந்த வேலைக்கு உதவாது, அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், கொழுப்பை அல்ல, அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பாகங்களுக்கும் கேடு. கடின நீர் உள்ள வீடு என்றால் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும், அதற்குச் சிட்ரிக் அமிலம், சுமார் 100 கிராம், 60 டிகிரிக்கு மேல் வேண்டாம், சூடு மிஞ்சினால் கால்சியம் சிட்ரேட் கரையாமல் திரும்பப் படியும். அதையும் வேறொரு நாளில் தனியாகச் செய்யுங்கள்.

வேர்த்தால் நாறுகிறது என்றீர்கள் அல்லவா, அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் துவைத்த துணியின் ஈர வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவைப் பொறுப்பாக்கினார்கள். துணி உலர்ந்தாலும், புற ஊதாக் கதிர் பட்டாலும் அது எளிதில் சாவதில்லை. காய்ந்த துணியில் வாடை தெரியாமல் இருந்து, ஈரம் பட்டதும் திரும்ப வருவது அதனால்தான். எனவே மெஷினை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு எல்லாம் ஒரு முறையாவது 60 டிகிரியில் போக வேண்டும்.

லிக்விடை விட்டுவிட்டுத் தூளுக்கு வாருங்கள் என்பதும் என் கட்சி. வெள்ளைத் துணிக்கான நல்ல தூளில் ஆக்ஸிஜன் பிளீச் கலந்தே வரும், லிக்விடில் அதை நிலையாக வைத்திருக்க முடியாது என்பதால் சேர்ப்பதில்லை. வண்ணத் துணிக்கான தூளிலும் பெரும்பாலும் இருக்காது, பெட்டியின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

மேல்கதவு:

60 டிகிரி, 90 டிகிரி என்று எல்லாவற்றையும் வேகவைத்தால் சாயம் போகும், துணி சுருங்கும், மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது? பேசாமல் டாப் லோட் வாங்குங்கள். ரப்பரும் இல்லை, நாற்றமும் இல்லை. எங்கள் வீட்டில் இத்தனை காலமாக ஒரு தொல்லையும் கிடையாது.

திருகாணி:

மேல்கதவு நண்பரே, டாப் லோடைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவே அதே களிம்புதான், மூடி மேலே இருப்பதால் வாடை முகத்தில் அடிப்பதில்லை, அவ்வளவே. துணியில் கறுப்பு கறுப்பாகச் செதில் ஒட்டி வந்தால் அது அங்கேயிருந்து உரிந்து வருவது.

எல்லாத் துணியையும் வெந்நீரில் போடச் சொல்லவில்லை. சாதாரண அழுக்குக்கு 30, 40 போதும், துண்டு, விரிப்பு போடும் நாளில் 60. மெஷின் உள்ளே காய்வதற்கும் வழி விடுங்கள், துவைத்து முடித்ததும் துணியை எடுத்துவிட்டு, ரப்பரைத் துடைத்து, கதவையும் டிராயரையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தையோ பூனையோ இருக்கும் வீடு என்றால் அடுத்த முறை ஓடவிடும் முன் உள்ளே எட்டிப் பார்ப்பது அவசியம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஈரத்துணி:

எல்லோருக்கும் நன்றி. துண்டைச் சோப்பில்லாமல் ஓடவிட்டேன், கண்ணாடி முழுக்க நுரை, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஃபில்டரிலிருந்து நாணயம், கொண்டை ஊசி, பெயர் சொல்ல முடியாத ஒரு கறுப்புக் கூழ். பெர்கார்பனேட் போட்டுச் சுட வைத்ததும் சாம்பல் நிறத்தில் தண்ணீர் போனது, இன்னொரு தடவை போட்ட பிறகு வாடை ஏறக்குறைய இல்லை. துண்டும் தண்ணீரை இழுக்கிறது.

இரண்டு சந்தேகம். ரப்பரின் கறுப்புப் புள்ளி அப்படியே இருக்கிறது. அப்புறம், காலையில் திறந்தால் டிரம்மின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது, இரவு காலியாகத்தான் இருந்தது. அது எங்கேயிருந்து வருகிறது?

சோடாஉப்பு:

புள்ளிக்கு மட்டும் குளோரின் பிளீச்சை அனுமதிக்கலாம். தண்ணீரில் நன்றாக நீர்த்து, பழந்துணியை நனைத்து மடிப்பில் அரை மணி நேரம் சொருகி வைத்துப் பிறகு கழுவுங்கள், ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு. அந்த நாளில் எந்த அமிலமும் கிட்டே வர வேண்டாம். ரப்பருக்குள் ஊறிப்போன கறை போகாமலும் இருக்கலாம், பூஞ்சை செத்திருந்தால் அது வெறும் தழும்பு, விட்டுவிடுங்கள்.

திருகாணி:

தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா? சுத்தமாக இருந்தால் தண்ணீர் உள்ளே விடும் வால்வு முழுதாக மூடவில்லை. இன்று இரவு குழாயை அடைத்துவிட்டுப் படுங்கள், காலையில் டிரம் காய்ந்திருந்தால் வால்வுதான், மாற்றுவது சின்ன வேலை. அதுவரை குழாயை அடைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் தரை முழுக்கத் தண்ணீராகிவிடும்.

கலங்கலாகச் சோப்பு வாடையோடு இருந்தால் வடிகால் குழாயிலிருந்து திரும்பி வருகிறது. பின்னால் போகும் டிரெயின் குழாயை எங்கே சொருகியிருக்கிறார்கள் பாருங்கள். தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரம் வரை ஏறி வளைந்து இறங்க வேண்டும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். தரையோடு கிடந்தாலோ, முனை கழிவுநீரில் முங்கும் அளவுக்கு உள்ளே தள்ளியிருந்தாலோ சாக்கடைத் தண்ணீர் உள்ளே இழுக்கும், நீங்கள் எவ்வளவு சுத்தம் செய்தாலும் வாடை திரும்ப வரும். முனையைச் சுற்றிக் கொஞ்சம் காற்று போக இடம் விட்டுக் கட்டுங்கள்.

ஈரத்துணி:

கலங்கல்தான். குழாய் தரையில்தான் கிடக்கிறது. இன்றைக்கே தூக்கிக் கட்டிவிட்டுச் சொல்கிறேன்.