வெளிநாட்டில் இருக்கும் தாய்மாரைப் பெற்றோர் கூட்டத்தில் காணொளி வழியாகச் சேர்க்கலாமா?

கேள்வி – வகுப்பாசிரியை, பொகவந்தலாவை

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 5 வகுப்புக்குப் பொறுப்பாக இருக்கிறேன். என் வகுப்பில் பல பிள்ளைகளின் தாய்மார் குவைத்திலும் துபாயிலும் வீட்டுப் பணிப்பெண்களாக வேலை செய்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் பாட்டிமார் வந்து கையொப்பம் வைத்துவிட்டுப் போகிறார்களே தவிர, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பது தாயிடம் போய்ச் சேர்வதில்லை. அடுத்த கூட்டத்தில் வகுப்பறையில் ஒரு திரையை வைத்து, இவர்கள் அனைவரையும் ஸூம் வழியாக ஒரே நேரத்தில் இணைக்க எண்ணுகிறேன். அதிபரும் சம்மதித்துவிட்டார். செய்து பார்த்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – ஆசிரியர், தலவாக்கலை

எண்ணம் நல்லது டீச்சர், ஆனால் ஒரே திரை என்பதை மறுபடி யோசியுங்கள். ஸூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடங்களில் தானாக நின்றுவிடும். பத்துத் தாய்மார் வந்தால் ஆளுக்கு நான்கு நிமிடம், அதிலும் பாதி "கேட்குதா, கேட்குதா" என்பதிலேயே கரைந்துவிடும். ஒவ்வொருவராக வட்ஸ்அப்பில் அழைப்பதே மேல். பள்ளத்தில் இருக்கும் பாடசாலைக்கு மலை மறைப்பதால் சிக்னல் குறைவாகத்தான் கிடைக்கும். படம் உறைந்து நின்றால் கமராவை நிறுத்திவிடுங்கள், குரலுக்கு மிகச் சிறிதளவு டேட்டா போதும்.

கொப்பியைக் காட்டும்போது பின்பக்கக் கமராவுக்கு மாற்றுங்கள். முன் கமராவில் பிள்ளைக்குத் தன் எழுத்து இடவலம் மாறித் தெரிவதால், அம்மாவுக்கும் அப்படியே தெரிகிறது என்று நினைத்துக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொள்ளும். மறுமுனையில் நேராகத்தான் தெரியும் என்று எவ்வளவு சொன்னாலும் நம்பாது.

பதில் – மஸ்கெலியாவைச் சேர்ந்த தாய், தற்போது குவைத்

ஆசிரியை அவர்களுக்கு, அங்கே 1.30க்குப் பாடசாலை விடும்போது எங்களுக்குக் காலை 11 மணி. மதியச் சமையல் அடுப்பில் இருக்கும் நேரம். வெள்ளிக்கிழமை விடுமுறைதானே என்று பலர் கேட்பார்கள். வீட்டுக்காரருக்கு விடுமுறை என்றால் விருந்தாளிகள் வருவார்கள், எங்களுக்கு வேலை இரட்டிப்பாகும். வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று இங்குள்ள 2015 ஆம் ஆண்டின் சட்டம் சொன்னாலும், எல்லா வீட்டிலும் அதை எதிர்பார்க்க முடியாது; இரவில் மட்டுமே கைபேசியைக் கையில் கொடுக்கும் வீடுகளும் உண்டு. ஆகவே நேரத்தைத் தாயிடம் கேட்டுக் குறியுங்கள்.

மற்றப் பெற்றோர் முன்னிலையில் புள்ளிகளை வாசிக்கவும் வேண்டாம். ஊருக்கு அழைத்தால் "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதற்கு மேல் எனக்கும் மகனுக்கும் பேச்சு ஓடாமல் இருந்தது. அவனுடைய ஆசிரியர் கணிதக் கொப்பியைக் காட்டி, பின்னங்களைக் கூட்டும்போது கீழே உள்ள எண்களையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறான் என்று விளக்கினார். அதன் பிறகு, "இன்றைக்குக் கீழே என்ன எழுதினாய்?" என்று கேட்க எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. அம்மாயியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வீட்டில் பிள்ளையை அதட்டிப் படிக்க வைப்பவர் அவர்தானே.

பதில் – துபாய்

அமீரகத்தில் வட்ஸ்அப்பில் செய்தியும் குரல் பதிவும் போகும், அழைப்பு போகாது. இங்குள்ளவர்களுக்கு போட்டிம் என்ற அழைப்புச் செயலி அல்லது ஸூம் தேவை. பாடசாலைக் கைபேசியில் முன்கூட்டியே நிறுவி வையுங்கள். இலங்கை நேரத்தை விட நாங்கள் ஒன்றரை மணி பின்னால் இருக்கிறோம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. திரை யோசனையைக் கைவிடுகிறேன். குவைத்தில் இரவு 7 மணி என்றால் இங்கே 9.30, பிள்ளை தூங்கியிருக்கும். கொப்பிப் பக்கங்களைப் பகலில் படமெடுத்து அனுப்பிவிட்டு, இரவில் தாயுடன் மட்டும் நான் பேசினால் போதுமா?

பதில் – ஆசிரியர், தலவாக்கலை

தொடக்கத்துக்குப் போதும். அதிபருக்கு அறிவித்து, பேசிய விடயத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பாட்டியிடமும் அதையே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தம்மைத் தாண்டிப் பேசியதாக அவர் மனத்தாங்கல் கொள்வார்.