டோர் பேடில் அடித்த கறுப்பு உரிகிறது, பிசுபிசுக்கிறது: அவசர உதவி தேவை

செம்பூர் குமரன்
அனைவருக்கும் வணக்கம். காரின் உட்புற பீஜ் நிறம் அழுக்கேறிப் பார்க்கச் சகிக்காமல் போனதால், சென்ற சனிக்கிழமை முன்கதவு இரண்டின் டோர் பேடுகளையும் (கதவின் உட்புறப் பலகை) கழற்றிக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். மூன்று நாள் ஆகிவிட்டது. ஓரிடத்தில் நகம் பட்டாலே தோல் உரிவது போல் பெயின்ட் கழன்று வருகிறது, இன்னோரிடத்தில் கை வைத்தால் ஒட்டுகிறது, மேல்பகுதியில் வெள்ளை பூத்திருக்கிறது. நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அடித்தேன். வெள்ளிக்கிழமை குடும்பத்துடன் நாசிக் புறப்பட வேண்டும். இதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடுமா?

மாட்டுங்கா வெங்கட்
தயவுசெய்து இன்னொரு கோட் அடிக்காதீர்கள். பிடிமானம் இல்லாத படலத்தின் மேல் எதை அடித்தாலும் அதுவும் சேர்ந்துதான் உரியும். என்ன ஸ்ப்ரே, எதைக் கொண்டு துடைத்தீர்கள், பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தீர்களா, உரிவது எந்தப் பாகம், ஒட்டுவது எந்தப் பாகம் என்று எதையுமே நீங்கள் எழுதவில்லை. டோர் பேட் என்பது ஒரே பொருளால் ஆனதன்று.

ஆன்டாப்ஹில் சந்தானம்
இந்தக் கேள்விக்கு நான் பலமுறை விடை எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பழைய உரையாடல் இழைகளைப் படிப்பதேயில்லை. ஜூலை மாத மும்பையில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அந்த ஈரப் பெயின்டின் மேல் நுண்துளிகளாகப் படிந்து, வெண்மையாக உறைந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நாட்களில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. அக்டோபர் வரை பொறுத்திருங்கள். அடிப்படையைக் கற்றுக்கொண்ட பிறகு கேனைக் கையில் எடுப்பது நல்லது.

முலுண்ட் பிரியா
வெள்ளை பூத்ததற்குச் சந்தானம் ஐயா சொன்ன காரணம் சரியானது. ஆனால் உரிவதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது. கதவின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காக இருக்கும். அதன் பரப்பு மெழுகு போன்றது. சாதாரணப் பெயின்ட் அதைப் பற்றிக்கொள்வதே இல்லை, உலர்ந்த பின் மேலே ஒரு தாள் போலக் கிடக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாகத்தின் பின்புறத்திலும் அம்புக்குறிகளுக்கு நடுவே அது எந்தப் பிளாஸ்டிக் என்று ஆங்கில எழுத்துகளில் அச்சு வார்த்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

தானே ராஜா
அச்சு தெரியவில்லையென்றால் பக்கெட் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பாலிப்ரோப்பிலீன், மூழ்கினால் ஏ.பி.எஸ். என்ற கெட்டிப் பிளாஸ்டிக். இது பொய்க்காத சோதனை.

கோரேகாவ் சலீம்
என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை காரணம் டேஷ்போர்டு பாலிஷ்தான். அதிலுள்ள சிலிக்கோன் எண்ணெய் பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். துணியால் துடைத்தால் பரவுமே தவிரப் போகாது. பெயின்டில் ஆங்காங்கே மீன்கண் போன்ற வட்டப் பள்ளங்கள் இருக்கின்றனவா? பாலிஷ் போடும் வழக்கம் உண்டா?

செம்பூர் குமரன்
பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கடையில் கேட், கிரில் ஆகியவற்றுக்குத் தரும் சாதாரண ஸ்ப்ரே கேன்தான் வாங்கினேன், பிரைமர் அடிக்கவில்லை. தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். பாலிஷ் மாதம் ஒருமுறை போடுவது உண்டு, மீன்கண் பள்ளங்களும் இருக்கின்றன. உரிவது பாட்டில் வைக்கும் பாக்கெட். அதன் பின்னால் 'பிபி' என்றும் ஒரு கிடைக்கோட்டுக்குப் பின் 'டிடி20' என்றும் அச்சு இருக்கிறது. ஆனால் பக்கெட்டில் போட்டால் மூழ்கிவிட்டது, அதனால் குழப்பமாக இருக்கிறது. ஒட்டுவது இரண்டு இடங்கள்: ரெக்சின் போர்த்திய ஆர்ம்ரெஸ்ட், பவர் விண்டோ சுவிட்ச் பதித்த தகடு. அந்தத் தகடு 'ஏபிஎஸ்'. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே சிறிது பிசுபிசுத்தது.

முலுண்ட் பிரியா
அச்சைத்தான் நம்ப வேண்டும். 'பிபி' என்றால் பாலிப்ரோப்பிலீன். 'டிடி20' என்றால் எடையில் 20 விழுக்காடு டால்க், அதாவது மாக்கல் பொடி கலந்தது என்று பொருள். கலப்பில்லாத பாலிப்ரோப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.9 (தண்ணீருக்கு 1), ஆகவே மிதக்கும். டால்க் சேர்ந்ததும் அடர்த்தி தண்ணீரைத் தாண்டிவிடுவதால் மூழ்கும். கார்களின் உட்புறத்தில் இப்படிப் பொடி கலந்த பாகங்களே மிகுதி என்பதால், மிதக்கும் சோதனையை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

தானே ராஜா
நான் இதுவரை சோதித்த பாகங்கள் அனைத்தும் சரியாகவே விடை தந்தன. மிதந்தால் பாலிப்ரோப்பிலீன்தானே? சோதனையில் என்ன பிழை?

ஆன்டாப்ஹில் சந்தானம்
மிதந்தால் பாலிப்ரோப்பிலீன் வகை என்று துணியலாம், மூழ்கினால் ஏ.பி.எஸ். என்று துணிய முடியாது. ஒரு திசையில் மட்டும் செல்லுபடியாகும் சோதனையைப் 'பொய்க்காத சோதனை' என்று எழுதுவது புதியவர்களைக் குழியில் தள்ளும். பிரியா சொல்வதே சரி. இருந்தாலும், ஏ.பி.எஸ். பாகத்தைத் தின்னரால் துடைத்ததை யாரும் இன்னும் கண்டிக்காதது எனக்கு வருத்தமளிக்கிறது. தின்னர் ஏ.பி.எஸ்.ஸை இளக்கிவிடும். தகடு ஒட்டுவதற்கு அதுவே காரணம்.

மாட்டுங்கா வெங்கட்
இல்லை ஐயா, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பிசுபிசுத்தது என்று அவர் எழுதியிருக்கிறாரே. தொடுவதற்கு ரப்பர் போல் மெத்தென்று இருக்கட்டும் என்று ஆலையிலேயே அடிக்கும் பாலியூரிதேன் பூச்சு அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பூச்சு நீரால் சிதைந்து வெல்லப்பாகு போலாகிவிடும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். அதன் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. குமரன், சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைத் தகட்டின் மேல் சில நிமிடம் போர்த்தி வைத்து, பிறகு தேயுங்கள். கறுப்புக் களிம்பு போல உருண்டு உருண்டு வரும். அடியில் கெட்டியான, வழுவழுப்பான ஏ.பி.எஸ். தெரியும் வரை விடாதீர்கள். எனக்கு ஒரு தகட்டுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பல வண்டிகளில் அப்படியே விட்டாலே பார்க்க நன்றாக இருக்கும்.

தாராவி ரெக்சின் கடை
ஆர்ம்ரெஸ்டைப் பற்றி நான் சொல்கிறேன், தம்பி. ரெக்சின் என்பது துணியின் மேல் பூசிய பி.வி.சி. அது வளைந்து கொடுப்பதற்காக உள்ளே எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெய் மெதுவாக மேலே கசிந்து வந்து, கேட் பெயின்டை எந்நாளும் காயவிடாமல் இளக்கிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் காத்திருந்தாலும் பிசுக்கு போகாது. வளையும் ரெக்சினுக்கென்றே தயாரிக்கும் வினைல் கலர் மட்டும்தான் தாங்கும். அதையும் கைபடும் இடத்தில் மெல்லிய மூன்று நான்கு கோட்டாக அடிக்க வேண்டும். ஏற்கெனவே ஊறிப்போனதைச் சுத்தம் செய்து மறுபடி அடிப்பதை விட, மேலுறையைப் பிரித்துப் புதிய ரெக்சின் போர்த்துவது எளிது. பழைய உறையைக் கிழிக்காமல் தையல் பிரித்துக் கொண்டுவந்தால், அதையே அளவாக வைத்து வெட்டிவிடலாம்.

கோரேகாவ் சலீம்
ஆக ஒரே கதவில் மூன்று பொருள், மூன்று கோளாறு. பாக்கெட்டுக்கு என் முறையைச் சொல்கிறேன். பெயின்டை முழுவதும் உரித்தெடுங்கள்; வராத இடத்தில் அகலமான டேப்பை அழுத்தி ஒட்டிச் சரேலென இழுங்கள். அடுத்து, பாத்திரம் துலக்கும் திரவமும் வெந்நீரும் கொண்டு நைலான் பிரஷ்ஷால் இரண்டு முறை கழுவுங்கள். கழுவிய பிறகே சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டால் தேய்க்க வேண்டும். கழுவுமுன் தேய்த்தால் சிலிக்கோன் எண்ணெயைக் கீறல்களுக்குள் நாமே அழுத்திவிடுவோம். சமையலறையின் பச்சை நாரை எடுக்காதீர்கள், அது தோல்வரி வடிவத்தையே அழித்துவிடும். கடைசியாக மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் பாலிஷ் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். உலர்ந்த பின் பாலிப்ரோப்பிலீனுக்கான பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிய கோட்டாக அடித்து, டப்பாவில் குறித்துள்ள நேரத்துக்குள் நிறத்தை அடியுங்கள். பார்க்கும்போது 'இன்னும் நிறம் ஏறவில்லையே' என்று தோன்ற வேண்டும். அதுதான் முதல் கோட்டுக்குச் சரியான அளவு.

முலுண்ட் பிரியா
மழைக்காலத்திலும் செய்யலாம், நான் சென்ற ஆகஸ்டில் செய்தேன். மழை விட்ட நண்பகலில், காற்றோட்டமான இடத்தில், பாகத்தை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, டிரையரை அணைத்து அப்புறப்படுத்திய பிறகு அடித்தால் ஈரம் படியாது. ஏ.சி. அறையில் குளிர்ந்த பாகத்தை வெளியே கொண்டுவந்து மட்டும் அடித்துவிடாதீர்கள். கண்ணாடி டம்ளர் வியர்ப்பது போல அதுவும் வியர்க்கும்.

ஆன்டாப்ஹில் சந்தானம்
ஒருமுறை தப்பித்ததை வழிமுறையாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் சூடாக்கிவிட்டு அடிப்பதில் தவறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செம்பூர் குமரன்
மிக்க நன்றி. வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று புரிந்துவிட்டது; டோர் பேட் இல்லாமலே நாசிக் போய்வருகிறேன். திரும்பிய பின் டேஷ்போர்டையும் கறுப்பாக்கலாம் என்றிருக்கிறேன், அதற்கும் இதே முறைதானா?

மாட்டுங்கா வெங்கட்
பயணி பக்கத்து ஏர்பேக் மூடியையும் ஸ்டியரிங் நடுப்பகுதியையும் தொடாதீர்கள். ஏர்பேக் விரியும்போது அந்த மூடி குறித்த கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். நாம் ஏற்றும் படலம் அதற்குத் தடையாகலாம், சில்லுகளாகவும் பறக்கலாம். சீட் பெல்ட் பட்டையிலும் எந்தச் சாயமும் வேண்டாம்.

செம்பூர் குமரன்
நாசிக்கிலிருந்து திரும்பிப் பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சுவிட்ச் தகடு சுத்தமாகிவிட்டது, பெயின்டே தேவைப்படவில்லை. ஆர்ம்ரெஸ்ட் இரண்டும் தாராவியில் புதிய ரெக்சின் போர்த்தி வந்துவிட்டன. பாக்கெட்டை நான்கு முறை கழுவிய பிறகுதான் தண்ணீர் பரவி நின்றது. பிரைமரும் கறுப்பும் அடித்து ஒரு வாரம் உலரவிட்டு, பின்புறம் மறைந்திருக்கும் ஓரத்தில் பிளேடால் கட்டம் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன்; டேப்பில் ஒரு புள்ளிகூடக் கறுப்பு இல்லை. டேஷ்போர்டைத் தொடவில்லை.

முலுண்ட் பிரியா
மிக்க மகிழ்ச்சி. பின்கதவுகளை அடிக்குமுன் அவற்றின் அச்சையும் பார்த்துவிடுங்கள். முன்கதவில் இருக்கும் பிளாஸ்டிக்கே பின்கதவிலும் இருக்க வேண்டுமென்பதில்லை.