கலைச்சொல் உதவி: நகரைச் சுற்றிய பசுமை நிலமும் நகர் தாண்டக் கூடாத கோடும்

நிலமகள் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். நகரமைப்புப் பாடநூல் ஒன்றின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். இரண்டு சொற்களில் நிற்கிறேன். ஒன்று ‘கிரீன் பெல்ட்’. நகரைச் சுற்றி வயலாகவும் காடாகவும் மேய்ச்சல் தரையாகவும் விட்டுவைக்கும் பரப்பு; லண்டனைச் சுற்றி 1938ஆம் ஆண்டுச் சட்டம் காக்க முனைந்தது இதைத்தான். மற்றது ‘அர்பன் குரோத் பவுண்டரி’. இது வெறும் கோடு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1973இல் வந்த நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாக, அங்குள்ள ஒவ்வொரு நகரும் இப்படி ஒரு கோட்டை வரைந்துகொண்டது. உள்ளே கட்டலாம், வெளியே உழவும் காடும். 20 ஆண்டுத் தேவைக்கான நிலம் கோட்டுக்குள் இருக்க வேண்டும், போதாவிட்டால் கோட்டைத் தள்ளிப் போடலாம்.

பழைய கையேட்டில் இரண்டுக்குமே ‘பசுமை வளையம்’ என்றுதான் இருக்கிறது. போன பருவத் தேர்வில் இந்தக் கோட்டை வரையச் சொன்னேன். ஒரு மாணவி நகரைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை போட்டு, தாள் கிழியும் அளவுக்குப் பச்சைப் பென்சிலால் அழுத்தித் தீட்டியிருந்தாள். சொல் செய்த பிழைக்கு அவள் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அம்மா, முதலாவதற்கு ஆயத்தமாகவே ஒரு சொல் இருக்கிறது: மிளை. கானப்பேரெயில் என்ற கோட்டையைப் பாடும் புறநானூறு 21இல் அகழி, மதில், மதிலின் உறுப்பான ஞாயில் என்று அடுக்கிவந்து ‘கதிர்நுழை கல்லா மரம்பயில் கடிமிளை’ என்கிறார் ஐயூர் மூலங்கிழார். வெயில் நுழையாத காவற்காடு. குறளும் (742) அரணுக்கு ‘அணிநிழற் காடும்’ வேண்டும் என்கிறது. ஊரைச் சுற்றி வெட்டாமல் விட்ட காட்டுக்கு இரண்டே எழுத்தில் பெயர் இருக்கும்போது பட்டை, வளையம் என்று அலைவானேன்?

வரைகோல் எழுதியது:

ஐயா, மிளை பகைவரை உள்ளே விடாமல் தடுத்தது. இங்கே நகரம் வெளியே வழிவதைத் தடுக்கிறோம். திசையே நேர்மாறு. அந்த நிலத்தில் பெரும்பங்கு உழுநிலமாகவும் இருக்கலாம். மிளை என்றால் மனத்தில் மரம்தான் நிற்கும். ‘பசுமை வளையம்’ என்பதையே முதலாவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் அது தெரியும்.

கோட்டுக்கு ‘எல்லை’ வேண்டவே வேண்டாம். நான் இந்தத் தொழிலில் இருப்பவன். திட்ட வரைபடத்தை விரித்து ‘எல்லை’ என்று வாயெடுத்தவுடன் யாராவது எழுந்து, “எங்கள் ஊரை நகராட்சியோடு சேர்க்கப் போகிறீர்களா?” என்று கேட்பார். அப்புறம் பேச்சு முழுக்க வீட்டுவரியைப் பற்றித்தான். ஆட்சி எல்லை வேறு, கட்டட வளர்ச்சிக்கு இடும் கோடு வேறு. ‘வரம்பு’ என்று வைக்கலாம்.

மருதம் எழுதியது:

வரம்புக்கு என் வாக்கு. வரம்பும் வரப்பும் ஒன்றே. வரப்பு பக்கத்து நிலத்தைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உள்ளே நீரை உயர்த்துகிறது. ‘வரப்புயர’ என்று ஔவை வாழ்த்தியதாகச் சொல்வதும் அதனால்தான். இந்தக் கோட்டின் வேலையும் அதேதான்: உள்ளே காலி மனைகள் நிரம்ப வேண்டும், கட்டடம் மேலே உயர வேண்டும். வெளியே தடுத்துவிட்டு உள்ளே உயர விடாவிட்டால் வாடகைதான் உயரும். இன்னொன்று: வரப்பை ஒரே நாளில் யாரும் அழிப்பதில்லை. உழவுக்கு உழவு மண்வெட்டியால் ஓரத்தைச் சீவுவார்கள், அரை விரல், ஒரு விரல். கோட்டுக்கு நேரும் ஆபத்தும் அப்படித்தான் வரும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வரம்பு நல்ல சொல்தான். ஆனால் முன்னால் எதைச் சேர்ப்பீர்கள்? ‘நகர்ப்புற வரம்பு’ என்றால் மறுக்கிறேன். நகர்ப்புறம் என்பது நகருக்குப் புறம். அதை முன்பின்னாக மாற்றிய இலக்கணப்போலிதான் புறநகர். இல்முன், முன்றில் ஆனதுபோல. ஒரே பொருளுடைய இரண்டில் ஒன்றை நகரத்துக்கும் மற்றதை அதன் வெளிவட்டத்துக்கும் வைத்துக்கொண்டோம். சங்கப் பாட்டில் நகர் என்பது மாளிகையையும் குறிக்கும்…

நிலமகள் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை. நகர்ப்புறத்தை இனி யாராலும் மாற்ற முடியாது. ‘நகர்வரம்பு’ என்று சுருக்குகிறேன். மூன்றாவதாக ஒரு சொல்லும் வேண்டும். சியோலைச் சுற்றி 1971இல் பசுமை வளையம் வகுத்தார்கள். நகரமோ அதைத் தாண்டி அப்பால் பூண்டாங், இல்சான் என்று புதுநகரங்களாக முளைத்தது. இடையில் பசுமை, இருபுறமும் கட்டடம். இந்தத் தாவலை எப்படிச் சொல்வது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

தவளைப்பாய்த்து. நன்னூலில் சூத்திரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையான சூத்திரநிலை நான்கில் ஒன்று: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு. இடையில் கிடப்பதை விட்டு அப்பால் போய்ப் பொருந்துவது. அப்படியே சாலையோரமாக நீளும் கட்டட வரிசைக்கு ஆற்றொழுக்கு என்றும்…

மருதம் எழுதியது:

தவளைப்பாய்த்து அருமை ஐயா! கேட்ட மாத்திரத்தில் படம் தெரிகிறது. ஆற்றொழுக்கை மட்டும் விட்டுவிடுங்கள், அது நல்ல நடைக்கு நாம் சொல்லும் பெயர்.

வரைகோல் எழுதியது:

தவளைப்பாய்த்து வளர்ச்சி. எனக்கும் சம்மதம்.

நிலமகள் எழுதியது:

பசுமை வளையம், நகர்வரம்பு, தவளைப்பாய்த்து வளர்ச்சி என்று இன்றிரவு அனுப்புகிறேன். மிளையை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஏட்டுச்சுவடி எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘நகர்வரம்பு’ வினைத்தொகையாகவும் விரியும்: நகர்ந்த வரம்பு, நகர்கின்ற வரம்பு, நகரும் வரம்பு. காக்க வேண்டிய கோட்டுக்கு இப்படியா பெயர் வைப்பது? ‘நகர வரம்பு’ என்று அகரம் சேர்த்துவிட்டால் இந்த வழி அடைபடும்.

வரைகோல் எழுதியது:

ஐயா, மூன்று காலத்திலும் நான் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். அகரம் வேண்டாம்.